பைலட்டே பறக்கும் முன் சுற்றிப் பார்க்கிறாரே, போலீஸ் ஹெலிகாப்டருக்குத் தனியாக ஓர் ஆய்வு மேற்பார்வையாளர் எதற்கு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நான் போலீஸ்காரன் இல்லை. அமெரிக்காவில் ஒரு கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) போலீஸின் விமானப் பிரிவில் சீருடை இல்லாத சிவில் ஊழியன். பதவிப் பெயரில் 'இன்ஸ்பெக்டர்' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருப்பதால், திருநெல்வேலியில் அம்மா தெரு முழுக்க "எம்பையன் அமெரிக்கா போலீஸ்ல இன்ஸ்பெக்டர்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன். ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டு மாமா நிலத் தகராறுக்கு என்னிடம் யோசனை கேட்கிறார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பைலட் சுற்றிப் பார்ப்பது உண்மைதான். எண்ணெய் அளவு, கசிவு, ரோட்டர் பிளேடு, கதவு, மூடிகளின் கொக்கி, இதெல்லாம் அவர் கண்ணில் படும். ஆனால் ஒரு மெக்கானிக் உள்ளே கையை விட்டு ஒரு ராடை மாட்டி, நட்டை முறுக்கி, மேலே கவசத்தை மூடிவிட்டார் என்றால், அந்த நட்டை அதற்கப்புறம் பார்க்கப்போகிறவர் அடுத்த ஆய்வுக்கு அதைத் திறப்பவர்தான், அது நூறு மணி நேரப் பறப்புக்கு அப்புறமாகவும் இருக்கலாம். மூடுவதற்கு முன்னால் இன்னொருவர் பார்த்தாக வேண்டும். அந்த இன்னொருவர் நான். பூட்டினவனே பூட்டை இழுத்துப் பார்ப்பது பழக்கதோஷம். கை இழுக்கும், மனசு வேறெங்கோ இருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: அமெரிக்காவில் போலீஸ் வேலைக்குப் பறக்கும் ஹெலிகாப்டர் சட்டப்படி 'பொது விமானம்' என்ற வகையில் வரும். சாதாரண விமானத்துக்கு எஃப்ஏஏ என்ற அமெரிக்க விமானக் கட்டுப்பாட்டு அமைப்பு வைத்திருக்கும் பராமரிப்பு விதிகள் பலவும் அதற்குக் கட்டாயமில்லை, பறக்கத் தகுதியா இல்லையா என்பது அந்தந்தத் துறையின் பொறுப்பு. எங்களிடம் ஏஎஸ்350 ரக ஹெலிகாப்டர் இரண்டு இருக்கின்றன, இங்கே 'ஏ-ஸ்டார்' என்பார்கள். ராணுவம் கழித்துவிட்ட ஓஎச்-58 ஒன்றும் இருக்கிறது, என்னைவிட வயதில் மூத்தது. ஏ-ஸ்டார்களை சிவில் விதிப்படியே வைத்திருக்கிறோம், வருடாந்தர ஆய்வு, உரிமம் பெற்றவர் கையெழுத்து எல்லாம் உண்டு. பழைய ராணுவ ஹெலிகாப்டருக்கு அந்த சிவில் சான்றிதழே கிடையாது. அதை எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்று வெளியிலிருந்து வந்து கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் எந்த வேலை எப்படி நடக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கண் எதற்கு என்பதற்கு எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் விபத்து 2011 டிசம்பர் 7-ல் லாஸ் வேகாஸ் பக்கம் நடந்தது. போலீஸ் ஹெலிகாப்டர் இல்லை, சுற்றுலா ஹெலிகாப்டர், ஆனால் எங்களிடம் இருக்கும் அதே ஏஎஸ்350. பைலட்டும் நான்கு பயணிகளும் இறந்தார்கள். முந்தின நாள்தான் நூறு மணி நேர ஆய்வு முடித்து, ரோட்டரைச் சாய்க்கும் ஹைட்ராலிக் சர்வோ ஒன்றை மாற்றியிருந்தார்கள். அந்த சர்வோவுக்குப் போகும் ராடு பறக்கும்போது கழன்றுவிட்டது. விசாரணையில் தெரிந்தது: பிடிப்பு தேய்ந்துபோன பழைய லாக் நட்டையே மறுபடி போட்டிருக்கிறார்கள், அது கழலாமல் குறுக்கே செருகி இரண்டு காலையும் வளைத்துவிட வேண்டிய காட்டர் பின் சரியாகப் போடப்படவில்லை அல்லது போடவே இல்லை. இதைத் தனியாக ஓர் ஆய்வாளரும் பார்த்து முடித்திருந்தார் என்பதுதான் வயிற்றைக் கலக்கும் விஷயம். மெக்கானிக்குக்கும் ஆய்வாளருக்கும் தூக்கம் போதவில்லை, வேலைப் படிகளை எழுதிக் கையெழுத்துப் போடும் ஒர்க் கார்டில் ஒவ்வொரு படியும் தனித்தனியாகப் பிரித்து எழுதப்படவில்லை என்று அறிக்கை சொன்னது.

அதனால் லாக் நட் விஷயத்தில் நான் கொஞ்சம் பைத்தியம். இந்த நட் உள்ளே இறுக்கிப் பிடிக்கும்படி செய்யப்பட்டது, புதிதாக இருந்தால் ஸ்பேனர் இல்லாமல் ஏறாது. விரலாலேயே கடைசிவரை சுற்ற முடிகிறது என்றால் அது செத்த நட், தூக்கிப்போட வேண்டும். எங்கள் மெக்கானிக்குகள் கழற்றிய நட்டுகளை ஒரு காபி டம்ளரில் போட்டு என் மேஜையில் வைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. டம்ளரில் நட் குறைந்தால் அது எங்கே போச்சு என்று கேட்பேன். ஹெலிகாப்டரின் விலைக்கு முன்னால் இந்த நட்டின் விலை ஒன்றுமே இல்லை, ஆனாலும் "நல்லாத்தானே இருக்கு" என்று திரும்பப் போடும் கை எல்லா நாட்டிலும் உண்டு.

போலீஸ் வேலைக்கென்று சில தலைவலிகள் தனி. ஒரு ஷிஃப்டில் நாலைந்து தடவை ஏறி இறங்குவார்கள். எஞ்ஜினுக்குள் சுற்றும் சில டிஸ்க்குகளின் ஆயுள் மணிக்கணக்கில் மட்டுமல்ல, எத்தனை தடவை சூடாகி ஆறியது என்ற கணக்கிலும் ஓடும், புது மாடல்களில் மெஷினே எண்ணிக்கொள்ளும், பழையதில் பைலட் கையால் எழுதுவதுதான். அவசரத்தில் ஒரு ஸ்டார்ட்டை எழுத விட்டுவிட்டால் அந்த டிஸ்க் காகிதத்தில் மட்டும் இளமையாக இருக்கும். அப்புறம் வெளியே தொங்கும் சாமான்கள்: வெப்பக் கேமரா, 3 கோடி கேண்டில்பவர் சர்ச்லைட், ஒலிபெருக்கி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிராக்கெட், ஒரு வயர்க்கட்டு. அதிர்வில் வயர் உரசி உறை தேயும் இடம் எது என்று எனக்கு இப்போது கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

கியர்பாக்ஸில் ஒரு காந்த பிளக் உண்டு, இரும்புத் துகள் ஒட்டினால் காக்பிட்டில் விளக்கு எரியும். எரிந்தால் இறங்கியாக வேண்டும். பிளக்கைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்து லென்ஸில் பார்ப்போம். கறுப்புக் குழம்பு மாதிரி இருந்தால் வழக்கமான தேய்மானம்தான். மீன் செதில் மாதிரி பளபளவென்று தகடாக இருந்தால் ஏதோ பேரிங் உரிகிறது, அன்றைக்கு யார் போன் பண்ணினாலும் அது பறக்காது.

யார் போன் பண்ணினாலும் என்று சொல்வது சுலபம். ஒரு டிசம்பர் ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். அன்று ஒரு ஏ-ஸ்டாரில் சர்வோ மாற்றியிருந்தோம், லாஸ் வேகாஸ் விபத்தில் ராடு கழன்ற அதே இடம். வேலையைச் செய்தவர் நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே ஸ்பேனர் பிடித்தவர். மேல் போல்ட், கீழ் போல்ட் இரண்டையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். ராடுக்கு வரும்போது பாக்கெட்டில் போன் அடித்தது. பேசி முடித்து வந்தால் அவர் கவசத்தை மூடிக்கொண்டிருக்கிறார், நான் வேறொரு காகிதத்தில் மூழ்கிவிட்டேன். பதினொன்றரைக்கு அழைப்பு வந்தது: மறதி நோயுள்ள ஒரு முதியவர் வீட்டைவிட்டு வெளியே போய்விட்டார், வெளியே உறைபனி, வெப்பக் கேமரா வேண்டும். இன்னொரு ஏ-ஸ்டார் பிரித்துப் போடப்பட்டுக் கிடந்தது. புறப்படும் முன் கார்டைப் புரட்டினால் பதினான்காவது வரியில் என் கையெழுத்து இல்லை.

மெக்கானிக் சொன்னார், பின்னைப் போட்டேன், வளைத்தேன், நல்லா ஞாபகம் இருக்கு. சார்ஜென்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கும் அவர் போட்டிருப்பார் என்றுதான் தோன்றியது, அவர் தப்பு செய்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் திறக்கச் சொன்னேன். டார்ச், கண்ணாடி, பின். இருந்தது. இரண்டு காலும் அழகாக வளைத்திருந்தது. திரும்ப மூடி எழுதி முடிக்க முப்பத்தைந்து நிமிடம். ஹெலிகாப்டர் தரையைவிட்டுக் கிளம்பும் முன்பே ரோந்துக் கார் ஒன்று அந்த முதியவரை ஒரு சர்ச் வாசலில் கண்டுபிடித்துவிட்டது, நல்லவேளை. சார்ஜென்ட் தாமதத்துக்குக் காரணம் 'பராமரிப்பு' என்று எழுதினார், நியாயம்தான். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். 'பதினான்காவது வரியில் என் கையெழுத்து இல்லை, விட்டது என் தவறு' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். மெக்கானிக் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்த போன் அம்மாவுடையது, அங்கே காலை எட்டு மணி, எனக்கு ராத்திரி எட்டரை. அன்றிலிருந்து ஆய்வு நேரத்தில் போனை ஆபீஸ் டிராயரில் வைத்துவிட்டுத்தான் ஹாங்கருக்குள் போகிறேன். நான் எடுக்காத நாட்களில் அம்மா தம்பியிடம் புலம்புகிறாளாம்: "அப்படி என்னடா பெரிய இன்ஸ்பெக்டர் வேலை?"