திங்கட்கிழமை எடை

அன்புள்ள அக்கா,

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வயது 43. சர்க்கரை எல்லையில் நிற்கிறது, எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னதால் ஜனவரியிலிருந்து தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கிறேன். காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை, போக வர இரண்டு நடை. ராத்திரியில் சோற்றையும் குறைத்துவிட்டேன்.

வீட்டில் ஓர் எடை மெஷின் வாங்கினேன், தொல்லை அதிலிருந்துதான். போன சனிக்கிழமை காலை 68.4 காட்டியது. ஞாயிறு மதியம் கருவாட்டுக் குழம்பும் சோறும். திங்கள் காலை 69.8. வியாழக்கிழமை மறுபடி 68.6. ஒருநாள் ஐந்து நிமிடத்துக்குள் மூன்று முறை ஏறினேன்: 68.9, 69.5, 68.7. இன்னொரு நாள் படுக்கப் போகும்போது 69.4. காலையில் எழுந்து, பாத்ரூம்கூடப் போகாமல் ஏறினால் 69.0. அந்த 400 கிராம் எங்கே போனது? ஜனவரியில் 70க்கும் 72க்கும் நடுவே ஆடியது, இப்போது 68க்கும் 70க்கும் நடுவே ஆடுகிறது. பொய் சொல்வது மெஷினா, என் உடம்பா? வேறு மெஷின் வாங்கட்டுமா? வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

பெயர் போட வேண்டாம் அக்கா.

ஒரு வாசகி

—

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் மெஷினைப் பார்த்துவிடுவோம், அது சுலபம். ஐந்து நிமிடத்தில் 800 கிராம் ஏறி இறங்க வேண்டுமானால் நடுவில் ஒரு பெரிய சொம்புத் தண்ணீராவது குடித்திருக்க வேண்டும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. ஆகவே அந்த மூன்று எண்களுக்கு உங்கள் உடம்பு பொறுப்பில்லை.

எனக்கும் இதே கதை நடந்தது. வாங்கிய மூன்றாம் நாளே மெஷினைத் தூக்கிக்கொண்டு இங்கே மஞ்சக்குப்பத்தில் வாங்கின கடைக்கே போய்ச் சண்டை பிடித்தேன். கடைப் பையன் பதில் பேசாமல் மெஷினைக் கிரானைட் தரையில் வைத்து, பக்கத்திலிருந்த 25 கிலோ அரிசி மூட்டையை மூன்று முறை ஏற்றி இறக்கினான். மூன்று முறையும் ஒரே எண். குற்றம் என் வீட்டுத் தரையில் இருந்தது. பழைய மொசைக், ஒரு மூலை லேசாக இறங்கியிருக்கும். போதாததற்கு மெஷின் வழுக்கக் கூடாதென்று கீழே கால்மிதி வேறு போட்டிருந்தேன். அரிசி மூட்டைக்கு முன்னால் தலைகுனிந்து வீடு திரும்பினேன்.

அந்தக் கண்ணாடிப் பலகைக்குக் கீழே நான்கு மூலைகளிலும் நான்கு கால்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன உலோகத் துண்டு. நாம் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியிழை நீளும்போது அதன் மின்தடை மாறுகிறது, அந்த மாற்றத்தைத்தான் மெஷின் கிலோவாக்கிக் காட்டுகிறது. ஒரு கால் அந்தரத்தில் நின்றாலோ, கால்மிதியில் புதைந்தாலோ கணக்கு கெட்டுவிடும். ஓரத்தில் நின்றாலும் சில மெஷின்கள் தடுமாறும். இடம் மாற்றி வைத்தால் ஒருமுறை காலால் தட்டிவிட்டு, பூஜ்யம் வந்தபிறகு ஏறுங்கள். சில மெஷின்களுக்கு ஒரு தந்திரமும் உண்டு. முன்பு காட்டிய எடைக்கு அருகில் ஏதாவது வந்தால் பழைய எண்ணையே திரும்பக் காட்டிவிடும், நாம் ஆகா எவ்வளவு துல்லியம் என்று நினைக்க வேண்டுமாம். முதலில் தனியாக ஏறுங்கள். அடுத்து அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். எண் கூடவில்லையென்றால் உங்களுடையதும் அந்த ஜாதி.

சிறுவயதில் விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது காசு போட்டு ஏறும் எடை இயந்திரம் ஒன்று இருந்தது. விளக்கெல்லாம் சுற்றி நின்றபிறகு ஒரு அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் நம் குணமோ எதிர்காலமோ அச்சடித்திருக்கும். இப்போதைய மெஷின் எடை மட்டும்தான் காட்டுகிறது, ஜோசியத்தை நாமே சொல்லிக்கொள்கிறோம். 69.8 என்று பார்த்ததும் "மூன்று மாதம் நடந்ததெல்லாம் வீண்" என்று நீங்கள் படித்தீர்கள் இல்லையா, அது அட்டையின் மறுபக்கம்.

சரி, மெஷினைக் கெட்டியான சமதரையில் வைத்துவிட்டீர்கள். அப்போதும் சனிக்கும் திங்களுக்கும் வேறுபாடு இருக்கத்தான் செய்யும். எங்கள் சொந்த ஊர் குறிஞ்சிப்பாடிப் பக்கம். அறுப்பு முடிந்ததும் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், தராசில் ஏற்றுவதற்கு முன்னால் ஈரப்பதம் பார்ப்பார்கள். பொதுவான வரம்பு 17 சதவீதம். 22 சதவீத ஈரத்தோடு இருக்கும் 100 கிலோ நெல்லை 17க்கு வரும்வரை களத்தில் காயவைத்தால் 94 கிலோதான் மிஞ்சும். ஆறு கிலோ போய்விட்டது, ஆனால் ஒரு மணி நெல்லும் குறையவில்லை. அதனால்தான் நெல் விஷயத்தில் யாரும் தராசை மட்டும் நம்புவதில்லை. நம் குளியலறை மெஷினில் ஈரம் பார்க்கும் கருவி இல்லை, அவ்வளவுதான் சங்கதி. 69 கிலோவில் ஏறக்குறைய பாதி வெறும் தண்ணீர். வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தில் பிடித்தால் இரண்டரைக் குடமாவது வரும். இவ்வளவு தண்ணீரைச் சுமந்து நடக்கும்போது அரைச் சொம்பு அங்கே இங்கே தளும்பாதா?

என் சித்தப்பா கடைசி இரண்டு வருடம் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் போனார். போனதும் எடை, நான்கு மணி நேரம் கழித்து முடிந்ததும் எடை. "இன்னிக்கு ரெண்டரை கிலோ எடுத்தாங்க" என்பார். அந்த இரண்டரை கிலோவும் இரண்டு நாளில் சேர்ந்த நீர். அங்கே டிரை வெயிட் என்று ஒரு சொல் புழங்கும், உபரி நீரெல்லாம் போன பிறகு நிற்க வேண்டிய எடை. நமக்கு சிறுநீரகம் வேலை செய்வதால் அந்தச் சொல் தேவைப்படவில்லை. ஆனால் நமக்குள்ளும் அப்படி ஒரு எடை இருக்கிறது, அதன்மேல் நீர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். கருவாடு என்றாலே உப்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றுகிறார்களே சலைன், அதில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நம் இரத்தத்தின் உப்புத்தன்மைக்கு ஒட்டி வரும் கணக்கு அது. வழக்கத்தைவிட 9 கிராம் உப்பு உள்ளே தங்கினால், அதைக் கரைத்து வைக்க ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரையும் உடம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட ராத்திரி எத்தனை தடவை தண்ணீர் குடித்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. சிறுநீரகம் அந்த உப்பை ஒரே நாளில் தள்ளிவிடாது, இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். திங்கட்கிழமை ஏறியது வியாழக்கிழமை இறங்கியதற்குப் பெரிய காரணம் இதுதான்.

மிச்சம் சோற்றில் இருக்கிறது. சோற்றுச் சர்க்கரையில் ஒரு பங்கை ஈரலும் தசையும் கிளைகோஜன் என்ற சரக்காகச் சேமித்து வைக்கின்றன. மொத்தக் கொள்ளளவு அரை கிலோ சுமார்தான். ஆனால் ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவு தண்ணீரைக் கட்டிக்கொண்டு உட்காரும். வாரம் முழுக்க ராத்திரிச் சோற்றைக் குறைத்த உடம்பு, ஞாயிறு மதியம் காலியான குதிரில் சரக்கை நிரப்பிக்கொள்கிறது. சோற்றை அடியோடு நிறுத்துகிறவர்களுக்கு முதல் வாரமே இரண்டு மூன்று கிலோ இறங்குவதும் பெரும்பாலும் இந்தக் குதிர் காலியாவதால்தான். "ஏழே நாளில் மூன்று கிலோ" என்று விளம்பரம் செய்கிறவர்கள் விற்பது இந்தத் தண்ணீரை.

அதெல்லாம் கொழுப்பாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டேன். ஒரு கிலோ உடற்கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. 1.4 கிலோ ஏற, தேவைக்கு மேல் கிட்டத்தட்ட 10,800 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஓர் இட்லி 60 கலோரி என்று வைத்தால் 180 இட்லி, அதுவும் வழக்கமான மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மேல். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள், அப்போது சிரிக்கட்டும்.

அந்த 400 கிராம் விஷயம்தான் உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பிடித்த இடம். இதே கேள்வியைப் பிடித்துக்கொண்டு பல வருடம் உட்கார்ந்திருந்த ஒருவர் உண்டு, நிஜமாகவே உட்கார்ந்திருந்தார். இத்தாலியில் பதுவா பல்கலைக்கழகத்தில் இருந்த மருத்துவர் சந்தோரியோ. பெரிய துலாக்கோலில் ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்தே தன்னை நிறுத்தார். தின்றதையும் குடித்ததையும் நிறுத்தார், கழித்ததையும் விடவில்லை. உள்ளே போனதில் பாதிக்கும் மேல் மலத்திலும் வரவில்லை, சிறுநீரிலும் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத வியர்வையாக அது போகிறது என்று 1614இல் புத்தகம் எழுதினார். அவர் சொன்னது பெரும்பாலும் சரி. தோல் வழியாக ஈரம் ஓயாமல் போகிறது, ஒவ்வொரு மூச்சிலும் நீராவி போகிறது. மூச்சில் கரியும் போகிறது என்பது அவர் காலத்தில் தெரியாது. உள்ளே இழுக்கும் ஆக்சிஜன் வெளியே வரும்போது ஒரு கரி அணுவைத் தூக்கிக்கொண்டு வருகிறது. ஏழு மணி நேரத் தூக்கத்தில் இதெல்லாம் சேர்ந்து முந்நூறு நானூறு கிராம் ஆவது சாதாரணம். நம் கடற்கரை ஊர்களில் மே மாதம் கரண்ட் போன ராத்திரி என்றால் கேட்கவே வேண்டாம், தலையணை உறையைப் பிழியலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கொழுப்பு கரைந்து எங்கே போகிறது என்றால் பலரும் வியர்வை என்பார்கள், சிலர் சூடாகிப் போகிறது என்பார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2014இல் இதற்கு அணுக்கணக்கே போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, 1.6 கிலோ நீராகிறது. ஜனவரியிலிருந்து நீங்கள் இழந்த கொழுப்பில் பெரும்பகுதி மூச்சாகப் போய், கொஞ்சம் அந்தக் கடற்கரைக் காற்றிலும் கலந்திருக்கிறது.

ஆமாம், இழந்திருக்கிறீர்கள். 70க்கும் 72க்கும் நடுவே ஆடியது இப்போது 68க்கும் 70க்கும் நடுவே ஆடுகிறது என்று நீங்களே போகிற போக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் மெஷின் பொய்யா என்று கேட்டுவிட்டீர்கள். ஆடட்டும், ஊஞ்சலே இரண்டு கிலோ கீழே இறங்கி ஆடுகிறது. இதைப் பார்க்கத்தான் தினம் ஒரு எண்ணைக் காலண்டரில் குறித்து, வாரம் முடிந்ததும் ஏழையும் கூட்டி ஏழால் வகுக்கச் சொல்வது. இந்த வாரச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு வைத்துப் பாருங்கள். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் சிலருக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோகூட நீர் சேரும், அந்த வாரத்தைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவதுதான் நியாயம். காலையில் பாத்ரூம் போய்வந்து, காபிக்கு முன்னால், ஒரே மாதிரி உடையில். புடவைக்கும் நைட்டிக்குமே சில நூறு கிராம் வேறுபடும். கொழுப்பு இத்தனை சதவீதம் என்று காட்டும் மெஷின் வாங்கலாமா என்று அடுத்த கடிதம் வரும் என்பதால் இப்போதே சொல்கிறேன், வேண்டாம். பாதம் வழியாக லேசான மின்சாரத்தை அனுப்பி அது போடும் கணக்கும் உடம்பிலுள்ள தண்ணீரை நம்பித்தான். ஈரக்காலோடு ஏறினால் வேறு சதவீதம் சொல்லும்.

தண்ணீர்தானே என்று எல்லாவற்றையும் தள்ளிவிடவும் கூடாது. இதய நோயாளிகளை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது தினமும் எடை பார்க்கச் சொல்வார்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால், அதோடு கால் வீக்கமோ படுத்தால் மூச்சிரைப்போ இருந்தால், உடனே டாக்டரிடம் போக வேண்டும். எதுவுமே செய்யாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதம் குறைந்தாலும் அப்படித்தான்.

உங்கள் சர்க்கரை பற்றி ஒன்று. உங்களைப் போல எல்லையில் நின்றவர்களை வைத்துச் சென்னையில் ஓர் ஆய்வு நடந்தது, 2006இல் முடிவு வெளியானது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களிடம் சர்க்கரை நோயாக மாறுவது 28 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. அவர்களுடைய எடை ஒன்றும் பெரிதாக இறங்கிவிடவில்லை. அதனால் மெஷின் முகம் கொடுக்காத வாரத்திலும் காந்தி சிலைப் பக்கம் போய்க்கொண்டிருங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனையைப் பாருங்கள்.

வேறு மெஷின் வேண்டாம். அரிசி மூட்டையை ஏற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்புறம், அந்தக் கருவாட்டை எத்தனை தண்ணீர் கழுவுகிறீர்கள்? கடலூர் முதுநகர்க்காரரான என் மாமியார் வெந்நீரில் ஊறப்போட்டு, மூன்று தண்ணீர் கழுவி, குழம்பில் கடைசிவரை உப்பே போடமாட்டார்.

அன்புடன்,
அக்கா