தலைக்கு மேல் விமானம்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

பல வருடம் விமானக் கட்டுப்பாட்டு கோபுரத்தில் வேலை பார்த்தவன் நான். தாழப் பறக்கும் விமானங்களைப் பற்றிக் கேட்கலாம் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஆரம்பிக்கும் முன் ஒன்று: விமானத்தை நோக்கி லேசர் அடிக்காதீர்கள். விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

மொட்டைமாடிக்காரர்: விமான நிலையம் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எங்கள் தலைக்கு மேல் 500 அடியில் இறங்குகிறார்கள். குடியிருப்புக்கு மேல் 1,000 அடி என்பதுதானே விதி?

அந்த விதியை முழுசாகப் படியுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அது பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது. இறங்கும் விமானம் பொதுவாக 3 டிகிரி சரிவில் வரும், அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 52 மீட்டர். உங்கள் வீட்டு மேல் கிட்டத்தட்ட 1,700 அடி இருக்கும். 500 அடி என்று புகார் எழுதினால் ரேடார் பதிவைக் காட்டி ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

தூக்கம் போனவர்: ஒரு வாரம் சத்தமே இல்லை. மறுவாரம் வரிசையாக வருகிறது. ஏன்?

காற்று. எதிர்க்காற்றில்தான் ஏறுவார்கள், இறங்குவார்கள். காற்று திரும்பினால் ஓடுபாதையின் மறுமுனைக்கு மாறுவார்கள்.

மாணவி: இறங்கும்போது இன்ஜின் விசை குறைவுதானே, பிறகு எது இவ்வளவு சத்தம் போடுகிறது?

நல்ல கேள்வி. அப்போது பெரும்பகுதி இரைச்சல் விமானத்தின் உடம்பிலிருந்தே வருகிறது. சக்கரங்களும் ஃபிளாப்புகளும் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் தகடுகள்) வெளியே வந்ததும் காற்று அவற்றில் மோதிக் கிழிபடும். சக்கரத்தைச் சீக்கிரம் இறக்கினால் அந்தப் பாதையில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் கேட்கும். ஏறும்போது கதை வேறு, அங்கே இன்ஜின்தான் ராஜா. ஏர்பஸ் ஏ320 என்ற நடுத்தரப் பயணிகள் விமானம் வருகையில் ஒரு மெல்லிய விசில் கேட்டிருப்பீர்கள். இறக்கையின் அடியில் எரிபொருள் தொட்டிக்கான வட்டத் துளைகள் உண்டு. காலி பாட்டில் வாயில் ஊதுவது போல அவற்றின் மேல் காற்று ஊதும். துளைக்கு முன்னால் சின்னத் தகடு ஒன்றை வைத்தால் விசில் அடங்கிவிடும். பல விமானங்களில் வைத்தும்விட்டார்கள்.

ஒருவர்: எரிபொருளை எங்கள் மேல் கொட்டுகிறார்களா?

இல்லை. அவசரத்தில் மட்டும்தான், அதுவும் பெரிய விமானங்களில் சிலவற்றில்தான் அந்த வசதியே உண்டு.

இன்னொருவர்: ஜன்னலுக்கு எந்தக் கண்ணாடி நல்லது?

கட்டட ஒலியியல் தெரிந்தவரைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஜன்னல் ஓரத்தில் இடுக்கு இருந்தால் எந்தக் கண்ணாடியும் வீண்.

வேறொருவர்: 400 அடியில் போகிறது, சட்டவிரோதம்தானே?

மேலே சொன்ன முதல் பதிலைப் பாருங்கள்.

மொட்டைமாடிக்காரர்: சார், கண்ணால் பார்த்தேன். ஜன்னல்களை எண்ணலாம் போல இருந்தது!

சரி, அளந்துவிடுவோம். கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்குங்கள். பார்வைக் கோணத்தில் அதன் அகலம் சுமார் 2 டிகிரி, மடக்கிய முஷ்டி சுமார் 10. ஏ320-யின் இறக்கை, ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை, 36 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 500 அடியில் அது உங்கள் முஷ்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கட்டைவிரல் அளவு என்றால் சுமார் 1,700 அடி.

ஆப் பார்ப்பவர்: எதற்கு விரல்? பறக்கும் விமானங்களைக் காட்டும் ஆப்பிலேயே உயரம் வருகிறதே.

அது பெரும்பாலும் 1013 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) என்ற நிலையான கடல்மட்டக் காற்றழுத்தத்தை அடிப்படையாக வைத்துச் சொல்லும் உயரம். அன்றைய அழுத்தம் 1003 என்றால் ஆப் கிட்டத்தட்ட 280 அடி கூடுதலாகக் காட்டும். உங்கள் ஊர்த் தரையின் உயரத்தையும் கழிக்க வேண்டும்.

ஆப் பார்ப்பவர்: பெரிய விமானம் என்றால் விரல் கணக்கு தப்பாகுமே?

ஆகும். ஏ380 என்ற இரண்டடுக்குப் பெரிய விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி ஏறக்குறைய 80 மீட்டர். அது இருமடங்கு தூரத்தில் இருந்தாலும் ஏ320-ஐவிடப் பெரிதாகத் தெரியும். அதனால்தான் பெரியது எப்போதும் தாழப் பறப்பது போல இருக்கும்.

புதியவர்: ட்ரோனை ஏற்றி அளக்கலாமா? லேசரில்?

இரண்டும் கூடாது! விமானியின் கண் கூசினால் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் ஆபத்தில்.

மொட்டைமாடிக்காரர்: காலையில் பார்த்தேன். ஒன்றரைக் கட்டைவிரல்தான். ஆனால் சத்தம் அப்படியே இருக்கிறதே?

இருக்கும். இப்போது உயரத்தை விடுங்கள். ஒரு நோட்டில் தேதி, மணி, வந்த திசை, ஏறியதா இறங்கியதா என்று ஒரு மாதம் குறியுங்கள். இரவில் எத்தனை என்று தனியாக எண்ணுங்கள். இரவு நேரமும் பாதையும்தான் பேசி மாற்றக்கூடியவை.