ஃபிளாப்பியைச் செருகும் முன்: மறைந்தவரின் கணினிக் கோப்புகளை ஆவணமாக்குவது எப்படி?

கேள்வி: நூலக அறிவியல் படித்தவள் நான். ஓர் இலக்கிய அமைப்பின் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அமைப்புக்கு நெடுங்காலம் செயலாளராக இருந்தவர் அண்மையில் காலமானார். அவர் வீட்டார் ஓர் அட்டைப்பெட்டி நிறைய ஃபிளாப்பிகள், சிடிக்கள், இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், ஒரு மடிக்கணினி எல்லாவற்றையும் எங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். தொண்ணூறுகளிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், மலர்களின் மூலப்படிகள் அதில்தான் இருக்கின்றன. அனைத்தையும் ஒரு புதிய ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, பிடிஎஃப் ஆக்கி, பொருள்வாரியாகப் பிரித்துவைத்தால் போதுமா? டிஜிட்டல் ஆவணக்காப்பாளராக வேலை செய்யவும் ஆசை. என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்: போதாது. நீங்கள் சொன்ன வரிசையில் செய்தால் சிலவற்றைத் திரும்பப் பெறவே முடியாமல் போகும். ஆகவே இதைப் படித்து முடிக்கும்வரை அந்தப் பெட்டியிலிருந்து எதையும் கணினியில் செருகாதீர்கள். ஏற்கெனவே ஒன்றிரண்டைத் திறந்து பார்த்திருந்தால் பதற வேண்டாம். எதை, எந்த நாளில், எந்தக் கணினியில் திறந்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அந்த நோட்டும் இனி ஆவணத்தில் சேர்த்திதான்.

ஏன் இத்தனை கெடுபிடி? காகிதக் கடிதத்தை எடுத்துப் படித்தால் கடிதம் மாறுவதில்லை. கணினியிலேயே பிறந்த ஆவணம் திறந்தாலே மாறக்கூடியது. பழைய வேர்ட் கடிதம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தேதியைக் கையால் அடிக்காமல், தானாகத் தேதி போடும் வசதியைப் பலர் அன்று பயன்படுத்தினார்கள். 1998-ல் எழுதிய அப்படிப்பட்ட கடிதத்தை இன்று திறந்தால் மேலே இன்றைய தேதி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை அப்படியே பிடிஎஃப் ஆக்கினால், தான் மறைந்த பிறகு செயலாளர் கடிதம் எழுதினார் என்று உங்கள் நூலகமே சான்று கொடுத்ததாகிவிடும். இதுபோக, செருகிய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் தனக்கென்று ஒரு மறைவு ஃபோல்டரை எழுதிவைக்கும். ஆப்பிள் கணினியும் தன் பங்குக்குச் சில மறைவுக் கோப்புகளை விட்டுச்செல்லும். சாதாரணமாக இழுத்துப்போட்டுக் காப்பி செய்தால், கோப்பு உருவான தேதி என்ற இடத்தில் நீங்கள் காப்பி செய்த தேதி ஏறும். எந்தக் கடிதம் முதலில், எது பிறகு என்று நாளைக்கு ஓர் ஆய்வாளர் கேட்டால் உறுதியாகச் சொல்வது கடினமாகிவிடும்.

அதனால் முதல் வேலை, எழுதவிடாமல் தடுப்பது. மூன்றரை அங்குல ஃபிளாப்பியின் மூலையில் ஒரு சிறிய தள்ளுகட்டை இருக்கும். அதைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வைத்தால் எழுத முடியாது. ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிக்கு நேர்மாறு: ஓரத்து வெட்டை ஒட்டி மூடினால்தான் பாதுகாப்பு. ஹார்ட் டிஸ்க்குக்கு இப்படி ஏதும் கிடையாது. ரைட் பிளாக்கர் என்ற கருவி வேண்டும். கணினிக்கும் டிஸ்க்குக்கும் நடுவே நின்று, படிக்க விடும், எழுத விடாது. குற்றவியல் தடயத் துறையினர் பயன்படுத்தும் அதே கருவிதான். உங்களிடம் இல்லையென்றால் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்திடம் இரவல் கேளுங்கள். அதுவரை மடிக்கணினியையும் இயக்காதீர்கள். உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கழற்றித்தான் படியெடுக்க வேண்டும்.

படியெடுப்பது என்றால் கோப்பு கோப்பாக அல்ல, டிஸ்க் இமேஜாக. டிஸ்க்கின் முதல் செக்டரிலிருந்து (செக்டர் என்பது டிஸ்க்கில் பதிவுக்கான ஒரு சிறு பகுதி) கடைசி செக்டர்வரை உள்ளது உள்ளபடி ஒரே கோப்பாக எடுப்பது அது. இதற்குக் கைமேஜர், எஃப்டிகே இமேஜர் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. ஆவணக்காப்பகங்களுக்கென்றே இத்தகைய கருவிகளைத் திரட்டித் தரும் பிட்கியூரேட்டர் என்ற தொகுப்பும் உண்டு. உயர் அடர்த்தி ஃபிளாப்பி ஒன்றில் 2,880 செக்டர்கள், ஒவ்வொன்றும் 512 பைட். ஆக இமேஜின் அளவு 14,74,560 பைட் வர வேண்டும். குறைந்தால் முழுதாக எடுக்கவில்லை என்று அர்த்தம். செருகும் முன் உலோக மூடியை விலக்கித் தகட்டைப் பாருங்கள். பூஞ்சை இருந்தால் செருகாமல் தனியே வையுங்கள். டிரைவின் தலையில் ஒட்டும் பூஞ்சை அடுத்து வரும் ஃபிளாப்பிகளையும் கீறிவிடும். ‘டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா?’ என்று கணினி கேட்டால், எத்தனை முறை கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். அது கெட்டுப்போன டிஸ்க்காக இல்லாமல், ஆப்பிள் கணினியில் எழுதியதாகவும் இருக்கலாம். ஆப்பிளின் பழைய 800 கேபி ஃபிளாப்பிகளைச் சாதாரண யுஎஸ்பி டிரைவால் படிக்கவே முடியாது. அவற்றுக்குக் கிரையோஃப்ளக்ஸ், கிரீஸ்வீசல் போன்ற, காந்தப் பதிவை நேரடியாகப் பிடிக்கும் பலகைகள் தேவைப்படும்.

ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1985-ல் அமிகா கணினியில் வரைந்த படங்கள் 2014-ல் மீட்கப்பட்டது இப்படித்தான். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி மன்றத்தினர் காந்தப் பதிவைப் பிடித்து இமேஜ் எடுத்தார்கள். எடுத்த பிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது: கோப்புகள் யாருக்கும் தெரியாத வடிவத்தில் இருந்தன. இமேஜ் பத்திரமாகக் கையில் இருந்ததால், அசலை மறுபடி தொடாமல் அந்த வடிவத்தை நிதானமாக அவிழ்க்க முடிந்தது.

இமேஜ் எடுத்ததும் அதன் செக்சம்மை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும் கைரேகை போன்ற ஒரு குறியை, கணக்கிட்டுப் பதிவுசெய்யுங்கள். எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீட்டு முறையில் 64 குறிகள் கொண்ட ஒரு சரம் வரும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்தச் சரம் முழுக்க மாறிப்போகும். ஆறு மாதம் கழித்து மறுபடி கணக்கிட்டு ஒப்பிட்டால், கோப்பு அப்படியே இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இனி, தமிழ்க் கோப்புகளுக்கே உரிய தலைவலி. கோப்புகளின் வடிவத்தை அடையாளம் காண டிராய்டு என்ற மென்பொருளைத் துறையில் எல்லோரும் பயன்படுத்துகிறோம். பிரிட்டனின் தேசிய ஆவணக்காப்பகம் பராமரிக்கும் புரோனம் என்ற கோப்பு வடிவப் பதிவேட்டை வைத்து அது இயங்குகிறது. உங்கள் செயலாளரின் கடிதத்தைக் கொடுத்தால், ‘வேர்ட் 97, அறிந்த வடிவம்’ என்று நற்சான்று தரும். திறந்தால் ஒரு வரியும் புரியாது. காரணம், உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்றமான யூனிகோடு பரவும் முன் நாம் தமிழை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்து அடித்தோம். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்த கோப்புக்குள் உண்மையில் இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஐந்தும்தான் தெரியும். திஸ்கி, டாம், டாப், இவை தவிர ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக வைத்திருந்த குறியேற்றங்கள் என்று அந்தக் காலத்தில் ஊருக்கொரு நியாயம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்தக் கையேட்டிலும் இதற்குத் தீர்வு தேடாதீர்கள்.

நான் சொல்வது இதுதான்: மடிக்கணினியின் இமேஜுக்குள் விண்டோஸ் ஃபோல்டரில் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அவர் பயன்படுத்திய எழுத்துருக்கள் பெரும்பாலும் அங்கே கிடக்கும். அந்த ஃபோல்டரை இத்தொகுப்பின் சாவியாக நினைத்து முதலில் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பிறகு ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு யூனிகோடு படி தயாரியுங்கள். மூலக்கோப்பின் மேலேயே எழுதிவிடாமல் பக்கத்தில் வையுங்கள். மாற்றும்போது உரையை மட்டும் பிரித்தெடுத்து மாற்றியில் போட்டால், ‘எந்த வரி எந்த எழுத்துரு’ என்ற தகவல் போய்விடும். கடிதத்தில் ஆங்கிலத்தில் இருந்த முகவரியும் அர்த்தமற்ற தமிழாகிவிடும். எழுத்துரு விவரத்தோடு வேர்ட் கோப்பிலிருந்தே மாற்றும் கருவியைத் தேர்ந்தெடுத்து, அதன் பெயரையும் பதிப்பையும் குறித்துவையுங்கள். மலர்கள் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்யப்பட்டிருந்தால் இன்னும் கடினம். லிப்ரெஆஃபிஸ் டிரா என்ற இலவச மென்பொருள் அவற்றை ஓரளவு திறக்கும், பக்க அமைப்பு கலையலாம். அச்சிட்ட மலர் ஒன்றை வருடி, கோப்போடு சேர்த்து வைப்பது நல்லது.

பொருள்வாரியாகப் பிரிக்கும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். நூலகம் படித்தவர்களுக்குக் கை அரிக்கும் என்று தெரியும். ஆனால் ஆவணக்காப்பில் மூல ஒழுங்கு என்று ஒரு விதி உண்டு: உரியவர் எப்படி அடுக்கியிருந்தாரோ அப்படியே இருக்கட்டும். ‘புதிய ஃபோல்டர் 3’ என்பதற்குள் ஒரு கண்டன அறிக்கையும் அதற்கு முந்தைய ஐந்து வரைவுகளும் கிடந்தால், அவை ஒன்றாகக் கிடந்ததே ஒரு செய்தி. பொருள்வாரித் தேடல் வேண்டுமென்றால் தனியாக ஓர் அட்டவணையில் செய்துகொள்ளுங்கள்.

சேமிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு படி வேறு கட்டடத்தில். கிளவுடில் தானாக ஒத்திசையும் ஃபோல்டரைக் காப்புப்படி என்று எண்ணாதீர்கள், இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும். பென் டிரைவில் போட்டு அலமாரியில் வைப்பதும் வேண்டாம், மின்சாரம் காணாமல் பல ஆண்டு கிடந்தால் அதன் பதிவு கசிந்துவிடும்.

பெட்டியில் இல்லாத ஒன்றையும் கேட்டு வாங்குங்கள்: அவருடைய மின்னஞ்சல். இரண்டு ஆண்டு பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்ற கொள்கையை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. வீட்டாரிடம் பேசி, அவர்கள் வழியாக முறைப்படி அஞ்சல்களைப் பெற முயலுங்கள். பல அஞ்சல்களை ஒரே கோப்பில் சேர்த்துவைக்கும் எம்பாக்ஸ் வடிவில் கிடைத்தால் நல்லது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகம் உருவாக்கிய ஈபேட் மென்பொருள் அதை ஆராயவும், வெளியிடக் கூடாதவற்றைச் சலித்தெடுக்கவும் உதவும்.

வெளியிடக் கூடாதவை என்றதும் நினைவுக்கு வருகிறது, பலரும் கோட்டை விடும் இடம் இது. டிஸ்க் இமேஜில் அவர் அழித்த கோப்புகளும் வரும். பழைய விண்டோஸ் முறையில் ஒரு கோப்பை அழித்தால் பட்டியலில் பெயரின் முதல் எழுத்துதான் மாறும். மேலே வேறு ஏதாவது எழுதப்படும்வரை உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். பழைய வேர்டில் ‘விரைவுச் சேமிப்பு’ இயங்கியிருந்தால், கடிதத்திலிருந்து அடித்து நீக்கிய வாக்கியங்கள்கூட அதே கோப்புக்குள் ஒளிந்திருக்கும். வாசகருக்கு மூலக்கோப்பை அப்படியே கொடுத்தால், செயலாளர் யாரையோ திட்டி எழுதிப் பிறகு மனம் மாறி நீக்கிய வரியையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். எனவே பார்வைக்குத் தேதியைச் சரிபார்த்த பிடிஎஃப் மட்டும். மூலம் உள்ளேயே இருக்கட்டும். அழித்த கோப்புகளை மீட்கலாமா, மருத்துவ அறிக்கை, வங்கிக் கணக்கு, பிறர் அவருக்கு எழுதிய அந்தரங்கக் கடிதம் ஆகியவற்றை எத்தனை ஆண்டு மூடிவைப்பது என்பதை இமேஜ் எடுக்கும் முன்பே வீட்டாரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்மொழிச் சம்மதம் அடுத்த தலைமுறையிடம் செல்லாது.

தொழிலாகக் கொள்வது பற்றிக் கேட்டீர்கள். நிரலாளர் ஆக வேண்டியதில்லை. லினக்ஸ் கட்டளை வரி, கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி, கோப்பின் பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகப் பார்க்கும் பழக்கம் மூன்றும் போதும். டிஜிட்டல் ஆவணக்காப்பகம் எப்படி இயங்க வேண்டும் என்று விவரிக்கும், ஓஏஐஎஸ் எனப்படும் ஐஎஸ்ஓ 14721 மாதிரியை ஒருமுறை படித்துவிடுங்கள். வறட்டு நடைதான், ஆனால் நேர்காணலில் எல்லோரும் அந்த மொழியில்தான் பேசுவார்கள். டிஜிட்டல் ஆவணங்களைப் பாதுகாக்க உதவும் ஆர்க்கிவ்மேட்டிகா திறமூல மென்பொருள், நீங்களே நிறுவி ஓட்டிப் பார்க்கலாம். அதற்கும் முன், வீட்டில் கிடக்கும் வேண்டாத பென் டிரைவ் ஒன்றில் நாலு கோப்பைப் போட்டு ஒன்றை அழியுங்கள். இமேஜ் எடுத்து, செக்சம் குறித்து, அழித்த கோப்பைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அது கைவந்த பிறகு பெட்டியைத் திறக்கலாம். முதலில், அதிகம் பயனில்லாதது என்று வீட்டாரே சொல்லும் ஃபிளாப்பியிலிருந்து தொடங்குங்கள்.