விமர்சகர்களின் 'பத்தாண்டின் சிறந்த ஆல்பங்கள்' பட்டியல்: ஏன் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை?

இந்தப் பட்டியல் என்பது பலருடைய ரசனையின் கூட்டுத்தொகை. பெரும்பாலும் ஒவ்வொரு விமர்சகரும் தனக்குப் பிடித்தவற்றை வரிசைப்படுத்தி அனுப்புவார். இடத்துக்கேற்ப மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள்.

கோளாறு அந்தக் கூட்டலில்தான். வீட்டில் என்ன பொரியல் என்று கேட்டுப் பாருங்கள். பாகற்காய்க்கு உயிரைவிடும் இருவர் இருப்பார்கள். மற்றவர்கள் தொடவே மாட்டார்கள். உருளைக்கிழங்கு யாருக்கும் முதல் ஆசையாக இல்லாமல் போகலாம், ஆனால் எல்லோரும் இரண்டாவதாகச் சொல்வார்கள். ஜெயிப்பது உருளைக்கிழங்குதான்!

அடுத்தது, யாரைக் கேட்கிறோம் என்பது. பிட்ச்ஃபோர்க் என்ற இசை இதழ் 1980களின் பட்டியலை 2002இல் வெளியிட்டபோது முதலிடம் சோனிக் யூத் குழுவின் 'டேட்ரீம் நேஷன்'. அதே இதழ் அதே பத்தாண்டுக்கு 2018இல் மறுபடி பட்டியல் போட்டது. முதலிடம் பாடகர் பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெய்ன்'. பாட்டு மாறவில்லை, கேட்கும் காதுகள் மாறிவிட்டன.

பத்தாண்டின் எல்லையே சில சமயம் வழுக்கும். ரோலிங் ஸ்டோன் இதழ் 1989இல் எண்பதுகளின் தலைசிறந்ததாகத் தேர்ந்த, தி கிளாஷ் குழுவின் 'லண்டன் காலிங்' பிரிட்டனில் வெளியானது 1979 டிசம்பரில். அமெரிக்காவுக்கு 1980 ஜனவரியில் வந்ததால் தப்பித்தது. (எனக்கு இது கொஞ்சம் போங்காட்டமாகவே படுகிறது.)

முதலிடம் என்றால் அதிகம் விற்றது என்று பலர் நினைக்கிறார்கள். விற்பனையில் உலக சாதனை படைத்த மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' அதே ரோலிங் ஸ்டோன் பட்டியலில் ஏழாவதுதான்.