மாமல்லபுரத்தில் கடலோர அடுக்குமாடி வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாமல்லபுரத்தில் கடலிலிருந்து 150 மீட்டரில் மூன்றாவது மாடி வீடு விலைக்கு வந்திருக்கிறது. 'எல்லா அப்ரூவலும் இருக்கு' என்கிறார் தரகர். எதையெல்லாம் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்? (கோவை வாசகர்)

இந்த ஊரில் இரண்டு பக்கமிருந்தும் அளக்க வேண்டும்: கடலிலிருந்து ஒன்று, கோயில்களிலிருந்து ஒன்று. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உயர் அலைக் கோட்டிலிருந்து (பெரிய ஓதத்தின்போது கடல்நீர் எட்டும் எல்லை) நிலப்பக்கம் 500 மீட்டர் வரை செல்லும். தரகர் சொல்லும் 150 மீட்டர் பெரும்பாலும் அலை வந்து நிற்கும் இடத்திலிருந்து நடந்து அளந்தது. அரசு வரைபடத்தில் உள்ள கோடு அதைவிட உள்ளே தள்ளி இருக்கும். சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரைபடத்தைப் பாருங்கள்.

அடுத்தது தொல்லியல் விதி. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி பெற்றே கட்ட முடியும். கடற்கரைக் கோயிலை மட்டும் மனதில் வைத்து அளந்துவிடாதீர்கள். ஐந்து ரதம், அர்ஜுனன் தபசு, பிடாரி ரதம், வலையன்குட்டை ரதம் என்று சின்னங்கள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி இதே கணக்குதான்.

அப்புறம், அனுமதிக்கப்பட்ட கட்டட வரைபடத்தை வாங்கி மாடிகளை எண்ணுங்கள். தாளில் இரண்டு மாடி, நேரில் மூன்று மாடி என்றால், முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். நீங்கள் கேட்பதே மூன்றாவது மாடி.

12 வருடக் கட்டடம். புதிதாக பெயின்ட் அடித்து அழகாக இருக்கிறது. உப்புக்காற்றால் பாதிப்பு இருக்குமா? (மதுரை வாசகி)

இருக்கும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் காரையை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். அதனால்தான் கடலோரச் சூழலுக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 குறைந்தது எம்-30 என்ற வலிமைத் தரக் கான்கிரீட்டும், கம்பியை மூடும் கான்கிரீட் (கவர்) 45 மில்லிமீட்டர் கனமும் கேட்கிறது. பல இடங்களில் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் கட்டுவதுபோல 25 மில்லிமீட்டரோடு முடித்துவிடுகிறார்கள்.

புது பெயின்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். சுவரை விட்டுவிட்டு சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனி ஸ்லாபின் ஓரம், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் தூண்கள் ஆகியவற்றைப் பாருங்கள். கம்பி ஓடும் திசையிலேயே நேர்க்கோடாக வெடிப்பு இருந்தால் அது துருவின் வேலை. சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இடம் 'டங்' என்று கெட்டியாகக் கேட்கும், பிரிந்த இடம் பொத்தென்று ஓட்டைச் சத்தம் தரும். கான்கிரீட்டை நான்கைந்து இடத்தில் சோதிக்க ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

குழாய்த் தண்ணீரையும் வாயில் விட்டுப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறியிருந்தால் உடனே தெரிந்துவிடும்.

900 சதுர அடி வீட்டுக்கு யு.டி.எஸ். (பிரிக்கப்படாத நிலப் பங்கு) 280 சதுர அடி என்கிறார்கள். இது சரியா?

பத்திரத்தில் உள்ள எல்லா வீட்டுக்காரர்களின் பாகத்தையும் கூட்டி மனையின் மொத்தப் பரப்போடு ஒப்பிடுங்கள். மனையை விடக் கூடுதலாக வந்தால் தவறு. கட்டடம் பழசாகப் பழசாக உங்களிடம் மிஞ்சுவது இந்த நிலப் பங்குதான்.

விற்பவர் துபாயில் இருக்கிறார், பவர் பத்திரம் மூலம் விற்கிறார். கவனிக்க வேண்டியது?

பவர் இன்னும் ரத்தாகவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். முடிந்தால் உரிமையாளரிடம் வீடியோ அழைப்பில் பேசிவிடுங்கள். வரிப் பிடித்தத்தில்தான் பலர் தவறுகிறார்கள். உள்நாட்டில் வசிப்பவரிடம் 50 லட்சம் ரூபாய்க்கோ அதற்கு மேலோ வாங்கும்போது 1 சதவீதம் பிடித்தால் போதும். வெளிநாட்டுவாழ் விற்பனையாளருக்கு அது போதாது. விகிதம் அதிகம், பிடிக்காவிட்டால் பொறுப்பு உங்கள் தலையில். பதிவுக்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

பக்கத்து மனையில் சிற்பக்கூடம். நாள் முழுக்க மெஷின் சத்தம், கல் தூசி. வாங்கிய பிறகு புகார் கொடுத்து நிறுத்த முடியுமா? (சென்னை வாசகர்)

அந்த எண்ணத்தோடு இந்த வீட்டை வாங்காதீர்கள். இந்த ஊரின் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1957-ல் தொடங்கிய சிற்பக் கல்வி இன்றும் இங்கே அரசுக் கல்லூரியில் நடக்கிறது. அவர்கள் உளி வைத்திருக்கும் தெருவில்தான் நீங்கள் வீடு பார்க்கிறீர்கள்.

ஆனால் தூசியை நீங்கள் சும்மா பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கருங்கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு, முதலில் அங்கே வேலை செய்பவர்களுக்கே. ஒரு வேலை நாளில் காலை 10 மணிக்கும், பிற்பகல் கடற்காற்று வீசும்போதும் அந்தப் பால்கனியில் அரை மணி நேரம் உட்காருங்கள். கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், ஆகவே கூடத்துக்கு மேற்கே உள்ள வீட்டில்தான் பிற்பகலில் தூசி படியும். பிறகு ஸ்தபதியிடமே போய்ப் பேசுங்கள். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி வெகுவாக அடங்கும். பம்பும் குழாயும் வைப்பதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு முன்பணத்தை முடிவு செய்யுங்கள்.