அடி தெரிகிற நிறம்

அன்புள்ள ஐயா,

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. விருந்தினர் தங்க இரண்டு வீடும் ஒரு நீச்சல் குளமும் கட்டியிருக்கிறோம், ஆழம் மூன்றடியிலிருந்து ஐந்தடி வரை. உள்ளே லைனர், அதாவது குளத்தின் அடியையும் சுவரையும் மூடும் பிளாஸ்டிக் விரிப்பு, ஒட்டுவதுதான் பாக்கி. மகன் கருஞ்சாம்பல் நிறம் கேட்கிறான், படத்தில் மலைச்சுனை போல இருக்குமாம், தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்குமாம். மனைவி வெளிர்நீலம்தான் வேண்டும் என்கிறாள். கிணற்று நீச்சல் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தவன் என்பதால் கேட்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் வீட்டம்மா சொல்வதைக் கேளுங்கள்.

தம்பி சொல்கிற அழகு உண்மைதான். அடி கறுப்பாக இருந்தால் உள்ளே போன வெளிச்சம் திரும்பி வராது, மேற்பரப்பு கண்ணாடியாகிவிடும், தென்னையும் வானமும் அப்படியே அதில் விழும். ஆனால் அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாமல் போவதும் அதே காரணத்தால்தான்.

நான் நீந்தப் பழகியது வேலந்தாவளம் பக்கத்தில் கரும்பாறையில் வெட்டிய ஒரு கிணற்றில். ஒரு நாள் பத்துப் பதினோரு பையன்கள் குதித்துக் கும்மாளமடித்துக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவன் உள்ளே போய்விட்டான், பக்கத்திலேயே இருந்த எங்கள் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் மூழ்குகிறவனால் பெரும்பாலும் கத்த முடியாது. மேட்டில் உட்கார்ந்து தலைகளை எண்ணிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் குதித்து, கையால் துழாவி, அவனைத் தூக்கினார். கண்ணால் பார்த்து அல்ல, துழாவி. அது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. உங்கள் குளத்துக்கு வரப்போவது நீச்சல் தெரியாத வெளியூர்க் குழந்தைகள்.

ஆழமும் ஏமாற்றும். நேர் மேலிருந்து பார்த்தால் நாலடித் தண்ணீர் மூன்றடியாகத்தான் தெரியும். கறுப்பு அடியில் அந்தக் கணக்கும் கிடைக்காது. கோயில் தெப்பக்குளத்துத் தண்ணீரும் கருத்துத்தான் கிடக்கும், ஆனால் அங்கே படிக்கட்டு இறங்குவது ஆழத்தைச் சொல்லிவிடும்.

வெதுவெதுப்பு மூணாறிலோ ஊட்டியிலோ தேவைப்படலாம். உங்கள் ஊரில் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. தண்ணீர் சூடேறினால் குளோரின் சீக்கிரம் தீரும், பாசி வேகமாகப் பிடிக்கும். அதோடு உங்கள் ஊர் மலை மறைப்பதால் மழை குறைந்த மழை மறைவுப் பகுதி, போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். கறுப்பு லைனரில் நீர்மட்டத்தை ஒட்டி அந்த உப்புப் படிந்து வெள்ளைக் கோடு விழுந்தால் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துவிடும்.

வெளிர்நிறத்தில் குப்பை பளிச்சென்று தெரியும் என்பார்கள். ஆமாம், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தால் தென்னம்பூவும் மண்ணும் வந்து விழத்தான் செய்யும். தெரிந்தால்தானே எடுப்பீர்கள்? பாசி பிடிப்பதும் முதல் நாளே கண்ணில் படும்.

தம்பியின் மனமும் நோகக் கூடாது. மணல் நிறம் அல்லது வெளிர்சாம்பல் பாருங்கள், இரண்டிலும் அடி தெரியும், சுனையின் சாயலும் வரும். கடைக்காரர் தரும் துண்டைக் காய்ந்தபடி பார்த்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் நிறைத்த பெரிய தொட்டியில் அமிழ்த்தி உச்சிவெயிலில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாருங்கள். ஐந்தடி ஆழத்தில் அதைவிட நீலமாகத் தெரியும், தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால். படி விளிம்புகளில் மட்டும் கருநிறப் பட்டை ஒட்டச் சொல்லுங்கள், தம்பி கேட்ட கறுப்புக்கு அதுதான் இடம்.

அப்புறம், குழந்தைகளுக்கு நீலத்திலும் வெள்ளையிலும் நீச்சலுடை வேண்டாம், வெளிர்நீல அடியில் அது கரைந்துபோகும். கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சில் நாலைந்து வாங்கிக் குளத்தோரமே மாட்டி வையுங்கள், வருகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.