தலையில் அடிபட்ட மகனை முகாமுக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. ஒரு வருடத்துக்கு முன் சாலை விபத்தில் தலையில் பலத்த அடி. இப்போது நன்றாக நடக்கிறான், பேசுகிறான். ஆனால் சீக்கிரம் களைத்துப்போய்த் திடீரென்று கத்துகிறான். வலிப்புக்கு இரண்டு வேளை லெவெடிரசெட்டம் சாப்பிடுகிறான். மூளைக் காயமடைந்த பிள்ளைகளுக்கும் குடும்பத்தினருக்குமான மூன்று நாள் முகாமுக்கு அழைப்பு வந்திருக்கிறது. போகலாமா, டாக்டர்?

பதில்: தாராளமாகப் போகலாம். வலிப்பு கட்டுக்குள் இருக்கிறதா என்று அவனைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் மட்டும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சையில் மண்டையோட்டு எலும்பை எடுத்து இன்னும் திரும்பப் பொருத்தவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அப்படியானால் ஹெல்மெட் இல்லாமல் அவன் ஓடக்கூடாது.

நன்றாக நடக்கும் பிள்ளைக்குத்தான் முகாமில் சிக்கல் அதிகம். பார்த்தால் ஒன்றும் தெரியாது. சொன்னதைச் செய்யாவிட்டால் 'அடம்' என்று பெயர் வாங்கிவிடுவான். அவசரத்தை அடக்குவதும் வேலைகளை வரிசைப்படுத்துவதும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. விபத்துகளில் அடிக்கடி காயப்படுவதும் அந்தப் பகுதிதான். "பையை எடுத்து, ஷூ போட்டு, வரிசையில் வந்து நில்" என்றால் பையை எடுத்துக்கொண்டு அங்கேயே நிற்பான். "ஷூ போடு" என்று மட்டும் சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். போட்ட பிறகு அடுத்ததைச் சொல்லலாம். இதை ஒரு பக்கத்தில் எழுதி, அவனோடு இருக்கப்போகும் தன்னார்வலர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

களைப்பு வந்தபின் ஓய்வு கொடுத்தால் நேரம் கடந்துவிடும். கண்ணைக் கசக்குவது, பேச்சு குழறுவது, சிரிப்பு நின்றுபோவது, சில பிள்ளைகளுக்கு நேர்மாறாகத் துள்ளல் அதிகமாவது: கத்தலுக்கு முன்னால் வரும் அறிகுறிகள் இவை. அரை மணி அல்லது முக்கால் மணி விளையாட்டு, பிறகு இருபது நிமிடம் நிழலில் அமைதி என்று தொடங்கிப் பாருங்கள். அந்த இருபது நிமிடத்தில் செல்போன் கொடுத்தால் ஓய்வாகாது. சாப்பாட்டுக் கூடத்தின் இரைச்சலே சில பிள்ளைகளைச் சோர்த்துவிடும், கூட்டம் சேருமுன் சாப்பிடவைத்துவிடலாம்.

மருந்தை அதன் அசல் அட்டையோடு, இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் எட்டு மணி என்றால் அங்கேயும் எட்டு மணிதான். இரவு நிகழ்ச்சி நீண்டு தூக்கம் கெட்டால், மாத்திரை தவறாவிட்டாலும் வலிப்பு வரக்கூடும். பாதியில் எழுந்து வருவதற்குக் கூச்சப்படாதீர்கள். அடுக்குக் கட்டிலில் கீழ்த்தட்டு. தண்ணீரில் இறங்கினால், அவனை மட்டுமே பார்க்கும் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில். முட்டி மோதும் விளையாட்டுகள் வேண்டவே வேண்டாம்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரம் பாருங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் ஆம்புலன்ஸ். வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் மருந்தை மருத்துவர் கொடுத்திருந்தால், எப்போது, எத்தனை முறை என்று தன்னார்வலரிடம் கொடுக்கும் அந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள். தலைவலியோடு வாந்தியும் வழக்கமில்லாத தூக்கமும் சேர்ந்தால், குறிப்பாக மூளையில் ஷன்ட் (தேங்கும் நீரை வடிக்கும் குழாய்) வைத்த பிள்ளை என்றால், உடனே மருத்துவமனை.

அவனுக்குத் தம்பி, தங்கை இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். ஒரு வருடமாக வீட்டில் எல்லாமே அண்ணனைச் சுற்றித்தான் நடந்திருக்கும். அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மட்டும் அங்கேயும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

திரும்பி வந்த மறுநாளே பள்ளிக்கு அனுப்பவேண்டாம். ஓரிரு நாள் தூங்கட்டும்.